பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கல்விசார் எழுத்து கற்பிப்பது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் எழுத்துத் தாளில் இரண்டாவது கேள்விக்கு 40 நிமிடம். குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். கையில் புத்தகம் கிடையாது, மேற்கோள் தேவையில்லை. சொந்தக் கருத்தும் பார்த்த, கேட்ட அனுபவத்திலிருந்து ஓர் உதாரணமும் போதும். இதில் நல்ல மதிப்பெண் வாங்கிப் பல்கலைக்கழகம் போகும் மாணவரிடம் முதல் பருவத்திலேயே 2,000 சொல்லில் கட்டுரை கேட்கிறார்கள். அவர் பல ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதிக்கொள்கின்றன என்று பார்த்து, அதற்கு நடுவில் தன் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பெயர் 'எஸ்ஸே'தான். வேலையோ முற்றிலும் வேறு.

இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதற்குத்தான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பாடத்திட்டம் வாக்கியம், பத்தி, கட்டுரை என்று போய், மேற்கோள் காட்டுவதைக் கடைசி வாரத்தில் வைத்துவிடுகிறது. மிகக் கடினமான திறமைக்கு மிகக் குறைந்த நேரம்! பிறர் எழுதியதை வைத்து எழுதும் பழக்கம் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவை எல்லாம் அதைச் சுற்றி வரட்டும். எட்டு முதல் பத்து வாரப் படிப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களிடம் அதைவிடக் குறைந்த காலம் இருந்தால் படிகளைக் குறைக்காதீர்கள், கட்டுரையின் நீளத்தைக் குறையுங்கள்.

படி 1: அவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்பு தொடங்கும் முன் உங்கள் மாணவர்கள் சேரப்போகும் துறைகளின் உண்மையான அசைன்மென்ட் தாள்களைத் தேடிப் பிடியுங்கள். முன்னாள் மாணவர்களிடமும் துறை அலுவலகங்களிடமும் கேட்டால் கிடைக்கும். பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய 2,700-க்கும் மேற்பட்ட அசைன்மென்ட்களைத் திரட்டி ஆராய்ந்த ஹிலரி நெசி, ஷீனா கார்ட்னர் இருவரும் அவற்றை 13 வகைக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். எஸ்ஸே அதில் ஒரு வகை மட்டுமே. ஆய்வறிக்கை, கேஸ் ஸ்டடி, விமர்சனம், திட்ட முன்மொழிவு, வடிவமைப்புக் குறிப்பு என்று மற்றவை நீளுகின்றன. பொறியியல் படிக்கப்போகும் மாணவரிடம் பத்து வாரமும் விவாதக் கட்டுரையே எழுதி வாங்கினால், அவர் அங்கே போய் முதலில் எழுதப்போவதை நாம் தொடவே இல்லை என்றாகிவிடும்.

வகுப்பில் எல்லாத் துறையினரும் கலந்திருந்தால் பொதுவான ஒரு கட்டுரையைப் பின்னணியாக ஓடவிட்டு, கூடவே ஒவ்வொருவரும் தம் துறையின் ஒரு மாதிரி அசைன்மென்டைப் பிரித்துப் பார்க்கும் சிறு வேலையையும் கொடுங்கள். எந்தத் தலைப்புகள் இருக்கின்றன, 'நான்' என்ற சொல் வருகிறதா, மேற்கோள்கள் எந்தப் பகுதியில் குவிகின்றன, படங்களும் அட்டவணைகளும் எப்படி அறிமுகமாகின்றன என்று அவர்களே கண்டுபிடித்து வகுப்பில் சொல்லட்டும்.

படி 2: முதல் நாள் சோதனை

முதல் நாளில் தேர்வுக் கேள்வி போன்ற ஒன்றைக் கொடுக்காதீர்கள். அதை எழுத அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, 'இதைப் பயன்படுத்தி இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி எழுதுங்கள்' என்று கேளுங்கள். மூலத்தில் உள்ள கருத்து எது, தன் கருத்து எது என்று வாசகருக்குப் பிரித்துக் காட்டுகிறாரா? மூலத்தின் வாக்கியங்களை அப்படியே எடுக்கிறாரா? கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறாரா? திருத்தும்போது இந்த மூன்றையும் பாருங்கள். ஆர்ட்டிகிள் ('எ', 'ஆன்', 'தி') பிழைகளையும் கால வடிவப் பிழைகளையும் அன்றைக்கு ஓரமாக வையுங்கள்.

கூடவே ஒரு கேள்வி: 'உங்கள் பள்ளியில் நல்ல கட்டுரை என்று எதைச் சொன்னார்கள்?' 1966-ல் மொழியியலாளர் ராபர்ட் கப்லான் ஒவ்வொரு மொழிக் குடும்பத்தின் சிந்தனையும் ஒரு வடிவில் போகிறது என்று கோட்டுப்படம் போட்டுக் காட்டினார். ஆங்கிலம் நேர்கோடு, மற்றவை சுழல், வளைவு என்றெல்லாம் போனது அந்தப் படம். பின்னால் அந்தக் கருத்து கடும் விமர்சனத்துக்கு உள்ளானது, அது நியாயமும்கூட. மாணவரின் நாட்டைப் பார்த்து அவர் எழுத்தை முன்கூட்டியே தீர்மானிப்பது அவமதிப்பு. ஒரே ஊரிலிருந்து வந்த இருவர் முற்றிலும் வேறு பயிற்சியோடு வரலாம். ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வதே மரியாதை.

படி 3: கேள்வியையும் கட்டுரையையும் படிக்கப் பழக்குதல்

அசைன்மென்ட் கேள்வியில் 'டிஸ்கஸ்' என்று இருந்தால் பல தரப்புகளை எடைபோட வேண்டும். 'இவேலுவேட்' என்றால் மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'டு வாட் எக்ஸ்டென்ட்' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற பதில் போதாது, எந்த அளவுக்கு, எந்தச் சூழலில் என்று சொல்ல வேண்டும். ஒரே தலைப்பை வெவ்வேறு ஏவல்சொற்களோடு கொடுத்துத் திட்டக் குறிப்பு மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வகுப்பு நேரத்தில் இது பிடிபட்டுவிடும்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்க இரண்டு நிறப் பேனாக்கள் போதும். எழுதியவர் தன் குரலில் பேசும் வரிகளுக்கு ஒரு நிறம், பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வரிகளுக்கு இன்னொரு நிறம். முன்னுரையில் மட்டும் செய்தாலே போதும். பிறர் கருத்தைத் தொகுத்துவிட்டு எழுதியவர் எந்த இடத்தில் குறுக்கிட்டுத் தன் தீர்ப்பைச் சொல்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். 'என் கருத்தை எங்கே எழுதுவது?' என்று எல்லா மாணவர்களும் கேட்கும் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

படி 4: மூலங்களை வைத்து எழுதுதல்

வகுப்பு நேரத்தில் பெரும்பங்கை இங்கேதான் செலவிட வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்கள் இதைக் கருத்துத் திருட்டு பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குகின்றன. தண்டனைப் பட்டியலைப் படித்துக் காட்டியதும் மாணவர் பயந்துபோகிறார். பயந்தவர் மூல வாக்கியத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக அகராதியிலிருந்து இன்னொரு சொல்லைப் போடுகிறார். எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் இந்த வகை எழுத்துக்கு 'பேட்ச்ரைட்டிங்' (ஒட்டுப்போட்ட எழுத்து) என்று பெயர் வைத்தார். புரியாத உரையோடு மல்லுக்கட்டும் எவரும் கடந்து போகும் கட்டம் இது என்றும், இதை ஏமாற்று வேலையாகப் பார்க்கக் கூடாது என்றும் வாதிட்டார். அவர் பக்கம்தான் நான். இதை நோயாகப் பார்க்காமல் கற்றலின் நடுவழியாகப் பார்த்தால்தான் கற்பிக்க முடியும்.

ஓர் உதாரணம். மூலக் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'இணையவழிப் படிப்பில் சேரும் மாணவர்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே திட்டமிட வேண்டியிருப்பதால், சுயக் கட்டுப்பாடு குறைந்தவர்கள் படிப்பைப் பாதியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.'

மாணவர் எழுதுவது: 'இணையம் வழியான கல்வியில் இணையும் மாணாக்கர்கள் தம் காலத்தைத் தாமே வகுத்துக்கொள்ள நேர்வதால், தன்னடக்கம் குறைவானவர்கள் கல்வியை நடுவில் கைவிடும் சாத்தியம் மிகுதி.' சொற்கள் மாறிவிட்டன, எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. 'சுயக் கட்டுப்பாடு' 'தன்னடக்கம்' ஆனதில் பொருளும் நழுவிவிட்டது.

இதைச் சரிசெய்யும் வழி சொற்களில் இல்லை. மூலத்தை மூடிவைக்க வைப்பதில் இருக்கிறது. வகுப்பில் இப்படிச் செய்யுங்கள்:

முதலில் மாணவர் பத்தியைப் படித்து நான்கைந்து சொற்களில் மட்டும் குறிப்பு எடுக்கட்டும், வாக்கியம் எழுதக் கூடாது. பிறகு மூலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் 'இந்த ஆள் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார்' என்று வாயால் விளக்கட்டும். கேட்பவர் 'அதனால் என்ன?' என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அந்தப் பதிலைத்தான் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகே மூலத்தைத் திறந்து, பொருள் மாறியிருக்கிறதா, தொடர்ச்சியாக நான்கு சொற்கள் அப்படியே வந்திருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். சுயக் கட்டுப்பாடு போன்ற துறைச் சொற்களை மாற்றவே கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இப்படி வந்த பதில் பெரும்பாலும் வேறு திசையில் தொடங்கும்: 'படிப்பை யார் முடிக்கிறார்கள் என்பதைச் சுயக் கட்டுப்பாடு ஓரளவு தீர்மானிக்கிறது, ஏனென்றால் இணையவழியில் அட்டவணை போட்டுத்தர ஆள் இல்லை.' மாணவருக்குப் புரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே அத்தாட்சி. புரியாத பத்தியை யாராலும் இப்படித் திருப்பிச் சொல்ல முடியாது. அவருக்கு முடியவில்லை என்றால் பிரச்சினை எழுத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. படி மூன்றுக்குத் திரும்புங்கள்.

அடுத்தது, எடுத்துச் சொல்லும் வினைச்சொற்கள். ஓர் ஆய்வாளர் 'ஷோ' செய்கிறார் என்று எழுதினால் அந்த முடிவை நீங்களும் ஏற்கிறீர்கள். 'கிளெயிம்' செய்கிறார் என்றால் சற்றே விலகி நிற்கிறீர்கள். 'ஆர்கியூ', 'சஜெஸ்ட்' இரண்டும் இடையில் எங்கோ நிற்கின்றன. மாணவர் பட்டியலைப் பார்த்து ஏதாவது ஒன்றைப் போடுவார். அதனால் ஒவ்வொரு இடத்திலும் 'இவரோடு ஒத்துப்போகிறீர்களா?' என்று கேளுங்கள். பதிலுக்கேற்ற வினையை அவரே தேர்ந்தெடுப்பார். ஆசிரியர் பெயரை வாக்கியத்துக்குள் கொண்டுவருவதா, அடைப்புக்குறிக்குள் ஒதுக்குவதா என்பதும் இதே வகை முடிவுதான். யார் சொன்னது என்பது முக்கியமானால் உள்ளே, சொல்லப்பட்ட விஷயம் முக்கியமானால் வெளியே.

மூன்றாவது கட்டம் இரண்டு மூலங்களை ஒரே வாக்கியத்தில் சேர்ப்பது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு பத்தி என்று அடுக்கும் பழக்கத்தை உடைக்க, நெடுக்கில் மூலங்களும் குறுக்கில் கருத்துகளும் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட வையுங்கள். எழுதும்போது குறுக்கு வரிசையாகப் போக வேண்டும்: ஒரு கருத்து, அதைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள், யார் விலகுகிறார். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும், இலக்கிய மதிப்பாய்வு என்று பயமுறுத்தும் பகுதியின் அடிப்படை இதுதான்.

படி 5: பத்தியின் ஓட்டம்

கீழே உள்ளது போன்ற பத்திகள் எல்லா வகுப்பிலும் வரும். ஆங்கிலத்தில் எழுதப்படுவதைத் தமிழில் தருகிறேன்.

'இணையவழிக் கல்வி இன்று மிக முக்கியமானது. மேலும், அது மாணவர்களுக்கு வசதியானது. அதோடு, எங்கிருந்தும் படிக்கலாம். இருப்பினும், சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனவே, அரசாங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இணைப்புச் சொற்கள் நான்கு இருக்கின்றன. வாக்கியங்கள் மட்டும் ஒன்றையொன்று தொடவில்லை. 'எனவே' என்று வருகிறது, அதற்கு முன்னால் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. உண்மையான விஷயம் 'இருப்பினும்' என்ற இடத்தில்தான் பிறக்கிறது, அங்கேயே பத்தி முடிந்துபோகிறது.

எல்லா இணைப்புச் சொற்களையும் அடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியங்கள் சிதறிப்போனால் அவற்றுக்கிடையே உறவே இருந்ததில்லை என்று மாணவருக்கே தெரியும். பிறகு, ஒரு வாக்கியம் முடியும் இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்கும் முறையைக் காட்டுங்கள்:

'இணையவழிப் படிப்பின் வசதியே சில மாணவர்களுக்கு இடையூறாக அமையலாம். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், எப்போது படிப்பது என்ற முடிவு மாணவரின் பொறுப்பாகிறது. அந்தப் பொறுப்புக்குப் பழகாதவர்கள் படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடும். ஆகவே, வசதியை மட்டும் கூட்டுவது போதாது, இடைக்காலக் கெடுக்களும் தேவைப்படும்.'

வசதி, முடிவு, பொறுப்பு என்று கை மாறிக்கொண்டே போகிறது. வினை அடுத்த வாக்கியத்தில் பெயராக மாறி நிற்பது கல்விசார் ஆங்கிலத்தின் தனிப்பண்பு. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். 'விலை உயர்ந்தது' என்று ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்தது 'இந்த விலை உயர்வு' என்று தொடங்கும். இதைக் கடினமான நடைக்கான அலங்காரமாகக் கற்பிக்காதீர்கள், ஓட்டத்துக்கான கருவியாகக் கற்பியுங்கள். முன் வாக்கியத்தில் சொன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு போக அது உதவாத இடத்தில் சாதாரண வினையே மேல்.

முதல் முறை இதைத் தனியாக எழுதச் சொல்லாமல் பலகையில் எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். மாணவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதி, 'இது முன்னதோடு ஒட்டுகிறதா?' என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பது. ஆஸ்திரேலியாவில் எழுத்து வகைகளை மையமாக வைத்துக் கற்பித்தவர்கள் மாதிரியைப் பிரித்துப் பார்ப்பதற்கும் தனியே எழுதுவதற்கும் இடையில் இந்தக் கூட்டு எழுத்தை வைத்தார்கள். அவசரத்தில் நாம் முதலில் வெட்டுவதும் இதைத்தான். வெட்டாதீர்கள்.

படி 6: எவ்வளவு உறுதியாகச் சொல்வது

'இது நிரூபிக்கிறது', 'எல்லோரும் அறிவர்' என்ற வரிகள் பல்கலைக்கழக வாசகரைச் சந்தேகப்பட வைக்கும். 'மே', 'டெண்ட் டு', 'அப்பியர் டு' போன்ற மென்மையாக்கும் சொற்களைக் கற்பிக்கும்போது சான்றோடு சேர்த்தே கற்பியுங்கள். ஒரே கூற்றை 'காரணமாகிறது', 'காரணமாகலாம்', 'தொடர்புடையது' என்று மூன்று உறுதியில் எழுதிக் காட்டி, ஒவ்வொன்றையும் சொல்ல என்ன ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் எல்லா வாக்கியத்திலும் 'மே' தெளித்து, எதையுமே சொல்லாத கட்டுரை வரும்.

படி 7: முன்னுரை கடைசியில்

மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-ல் விவரித்த மூன்று நகர்வுகள் இன்றும் நன்றாக உதவுகின்றன: இந்தத் தலைப்பு ஏன் பேசப்படுகிறது, இதுவரை பேசியதில் என்ன விடுபட்டிருக்கிறது, இந்தக் கட்டுரை அந்த இடத்தில் என்ன செய்யப்போகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பார்த்து அவர் கண்டது இது, இளநிலை மாணவரின் கட்டுரைக்கு இரண்டாவது நகர்வு ஒரு வரி இருந்தால் போதும். உடல் பகுதியை எழுதி முடித்த பிறகே முன்னுரையை எழுத வையுங்கள்.

படி 8: சொல்லும் இலக்கணமும்

ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுப்புகள்) உள்ளன. கல்விசார் உரைகளில் சுமார் 10 சதவீதத்தை இவை நிரப்புகின்றன. கொடுக்க வேண்டியதுதான், ஆனால் மனப்பாடத்துக்கு அல்ல. மாணவர் படிக்கும் கட்டுரையில் அந்தச் சொற்கள் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்துச் சேர்க்கையோடு எழுதிவைக்கட்டும். தனிச் சொல்லாகக் கற்றது எழுத்தில் தனியாகவே துருத்திக்கொண்டு நிற்கும்.

பிழை திருத்தம் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. ஜான் ட்ரஸ்காட் 1996-ல் எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்றார். டேனா ஃபெரிஸ் 1999-ல் அதை மறுத்து, தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் செய்யும் திருத்தம் உதவும் என்று வாதிட்டார். நடைமுறையில் நான் சொல்வது: ஒரு டிராஃப்டில் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுங்கள், வாசகரைத் தடுமாற வைக்கும் பிழைகளாகப் பார்த்து எடுங்கள். முதல் பத்தியில் அவற்றைக் குறித்துக் காட்டிவிட்டு மீதியை மாணவரையே தேடவிடுங்கள். ஆர்ட்டிகிள் பிழைகள் பல ஆண்டுகள் தொடரும், அவற்றால் பொருள் கெடுவது அபூர்வம்.

படி 9: ஃபீட்பேக்

ஒரே கட்டுரையை மூன்று டிராஃப்ட் எழுத வைப்பது மூன்று கட்டுரைகள் எழுத வைப்பதைவிடப் பயன் தரும். முதல் டிராஃப்டில் வாதமும் மூலங்களும், இரண்டாவதில் பத்தியின் ஓட்டம், மூன்றாவதில் மொழியும் மேற்கோள் வடிவமும். மதிப்பெண் கடைசிக்கு மட்டும். முதல் டிராஃப்டிலேயே மதிப்பெண் போட்டால் கருத்துரைகளை யாரும் படிக்கமாட்டார்கள்.

ஓரத்தில் 'தெளிவில்லை' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அது மாணவருக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். 'இங்கே இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகச் சொல்கின்றன. நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன்?' என்று எழுதினால் அடுத்த டிராஃப்டில் ஒரு பத்தி பிறக்கும். ஒவ்வொரு டிராஃப்டின் முகப்பிலும் மாணவர் மூன்று வரி எழுதட்டும்: எதை மாற்றினேன், எதில் சந்தேகம், எதைப் பற்றி ஆசிரியர் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட நேர்ப்பேச்சு கிடைத்தால் பக்கக் கணக்கில் எழுதும் குறிப்புகளைவிட அதிகம் நடக்கும். மாணவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் பார்க்கும்போது 'கருத்துச் சொல்லுங்கள்' என்று விடாதீர்கள், 'ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்' என்று கேளுங்கள். எழுதியவர் நினைத்ததும் அந்த வரியும் பொருந்தாத இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

படி 10: மென்பொருள்களும் செயற்கை நுண்ணறிவும்

கட்டுரையை மற்ற உரைகளோடு ஒப்பிடும் மென்பொருளான டர்னிட்டின் காட்டும் சதவீதம் ஒற்றுமையின் அளவு மட்டும், திருட்டின் அளவு அல்ல. நூற்பட்டியலும் முறையாகக் காட்டிய மேற்கோளும் அதில் சேரும். அறிக்கையை மாணவரோடு உட்கார்ந்து திறந்து, எந்தப் பொருத்தம் சரி, எது சரியில்லை என்று வரி வரியாகப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை நம்பித் தண்டிக்காதீர்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அந்தக் கருவிகள் தவறாகச் சொல்லின. எளிய சொற்களும் எதிர்பார்க்கத்தக்க வாக்கியங்களும்தான் காரணம். அதாவது நம் மாணவர்கள் நேர்மையாக எழுதும் எழுத்தே சந்தேகத்துக்கு ஆளாகிறது. இது நம் மாணவர்களுக்கு நடக்கும் பெரிய அநீதி, இதைத் துறைகளிடம் எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

அதற்குப் பதிலாக வேலையின் தடத்தைக் கேளுங்கள்: குறிப்புகள், மூல அட்டவணை, மூன்று டிராஃப்ட்கள், கடைசியில் தன் கட்டுரையைப் பற்றி ஐந்து நிமிடப் பேச்சு. இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் பின்னாளில் யாராவது சந்தேகப்பட்டாலும் மாணவருக்குக் கைகொடுக்கும். இந்தக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறுபடும் என்பதால் எழுத்து வடிவிலான விதியைத் தேடிப் படிக்க வையுங்கள்.

படி 11: கடைசி வாரம்

கடைசி வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். மாணவர் சேரப்போகும் துறையின் உண்மையான அசைன்மென்ட் தாள் ஒன்றைக் கொடுத்து, உங்கள் உதவி இல்லாமல் திட்டம் போடச் சொல்லுங்கள். கூடவே, அங்கே போனதும் துறையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதி எடுத்துப் போகட்டும். எந்த மேற்கோள் முறை? ஏபிஏ என்றால் 2019-ல் வந்த ஏழாம் பதிப்பா? எம்எல்ஏ என்றால் 2021-ன் ஒன்பதாம் பதிப்பா? ஹார்வர்ட் என்றால் அதற்கு ஒரே அதிகாரபூர்வ வடிவம் கிடையாது, எனவே துறையின் சொந்தக் கையேடு எங்கே கிடைக்கும்? உட்தலைப்பு போடலாமா? 'நான்' என்று எழுதலாமா? சொல் எண்ணிக்கையில் நூற்பட்டியல் சேருமா? டிராஃப்டை யாராவது பார்ப்பார்களா? எழுத்து உதவி மையம் இருக்கிறதா, அங்கே நேரம் பதிவு செய்வது எப்படி? பேராசிரியரிடம் இவற்றைக் கேட்கும் மின்னஞ்சலையும் அந்த வகுப்பிலேயே எழுதி, உங்களிடம் காட்டிவிட்டு, அனுப்பத் தயாராக வைத்துக்கொள்ளட்டும்.